நடக்க மட்டும்தான் என்றாலும் சின்ன மோட்டார் போதாது

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் குடியிருக்கிறோம். எனக்கு வயது 46, எடை 78 கிலோ. வீட்டுக்காரருக்கு 51 வயது, 97 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகன் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறான். மாமியாருக்கு 70 வயது, மூட்டுவலி. நாலு பேருக்கும் ஆகிற மாதிரி 45,000 ரூபாய்க்குள் ஒரு டிரெட்மில் வாங்கலாம் என்றிருக்கிறோம். கடையில் "நடக்கத்தானேம்மா, இதுவே போதும்" என்று 4 ஹெச்.பி. பீக் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றை 32,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். பெங்களூரில் இருக்கும் என் தம்பி, அவன் அபார்ட்மென்டில் ஒருவர் ஐந்து வருடப் பழைய மெஷினை 22,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறான். எதை வாங்குவது? மாடியில் ஷீட் போட்ட அறை காலியாக இருக்கிறது, அங்கே வைக்கலாமா? சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் வேண்டுமா?

பதில்: நாலு பேருக்கும் ஒரே மெஷின் என்று தேடினால் 45,000 ரூபாய்க்குள் யாருக்கும் பொருந்தாத ஒன்றுதான் வீடு வந்து சேரும். அதனால் முதலில் உங்கள் மகனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அது மணிக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர் வேகம். உங்கள் விலையில் கிடைக்கும் மெஷின்களில் பலவற்றின் உச்ச வேகம் 12, இல்லாவிட்டால் 14. முதல் வகை அந்த வேகத்தைத் தொடவே தொடாது. இரண்டாவது தொட்டாலும் தூண்கள் ஆட, மோட்டார் கதற ஓடும். வாலிபப் பையன் அந்த வேகத்தில் கால் நீட்டி ஓட 50 செ.மீ. அகலமும் 140 செ.மீ.க்குக் குறையாத நீளமும் உள்ள பெல்ட் வேண்டும், மோட்டாருக்கு 3 ஹெச்.பி. தொடர் திறன் (நிற்காமல் தரக்கூடிய சக்தி) வேண்டும்; அதெல்லாம் லட்சத்தை ஒட்டிய சமாச்சாரம். தேர்வு நடப்பதும் மைதானத்தில்தான். வளைவில் திரும்புவது, கூட்டத்தில் இடிபடாமல் முந்துவது, தன் வேகத்தைத் தானே பிடித்துக்கொள்வது எதுவும் பெல்ட்டின்மேல் பழகாது. உங்கள் மகன் கிருஷ்ணகிரி ஸ்டேடியத்திலோ ஊர்ப் பள்ளி மைதானத்திலோ விடிகாலையில் ஓடட்டும்.

மாமியாருக்கும் இப்போதைக்கு வேண்டாம். தரை நகர, அதற்குத் தகுந்தபடி கால் எடுத்து வைப்பது 70 வயதில் புதுப் பழக்கம். வீட்டு மெஷின்களில் கைப்பிடியும் முன்பக்கம் ஒரு முழம்தான் இருக்கும், தடுமாறினால் பிடிக்க எதுவும் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டி இருக்கிறது. 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தத் தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகி வலிக்கக்கூடும். வயதுத் தேய்மானத்தால் வரும் வலியும் இதுவும் மேலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். எலும்பு மூட்டு டாக்டரிடம் ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டு, அவர் நடக்கச் சொன்னால் வாசலில் நடக்கட்டும்.

ஆக, மெஷின் உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும். இருவரும் நடக்கப் போகிறவர்கள். கடைக்காரர் சொன்ன "நடக்கத்தானே" என்ற பேச்சு இங்கேதான் தப்பாகிறது.

ஓடுபவரின் கால் பெல்ட்டில் பட்டதும் எழும்பிவிடும். மெதுவாக நடப்பவரின் காலோ பெல்ட்டின்மேல் நின்று நிதானித்துத்தான் எழும். அவர் எடை முழுக்க பெல்ட்டை அடியில் இருக்கும் பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த உரசலை மீறி பெல்ட்டை இழுப்பதுதான் மோட்டாரின் வேலை. 97 கிலோ ஆள் 3 கி.மீ. வேகத்தில் நடந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுக்கும் கரண்ட் கூடும். அதைக் குளிர்விக்கும் விசிறியோ அதே மோட்டாரின் தண்டில் மாட்டியது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு அதிகம், காற்று குறைவு. 60 கிலோ பையன் 9 கி.மீ. வேகத்தில் ஓடுவதைவிட, கனமான ஒருவர் அரை மணி நேரம் ஆற அமர நடப்பது சின்ன மோட்டாரைச் சீக்கிரம் சாகடிக்கும்.

ஸ்டிக்கரில் இருக்கும் 4 ஹெச்.பி. பீக் என்பதை மறந்துவிடுங்கள். பீக் என்பது ஒரு சில விநாடி தாக்குப்பிடிக்கும் உச்சம். வேண்டியது கன்டினியூஸ் என்று எழுதியிருக்கும் தொடர் திறன். பீக்கில் அது பாதியாகவும் இருக்கும், பாதிக்குக் கீழேயும் இருக்கும். கடையிலேயே சரிபார்க்க ஒரு வழி, பிளக்கைப் பார்ப்பது. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், 4 ஹெச்.பி. என்றால் கிட்டத்தட்ட 3,000 வாட். மெஷினின் பிளக் மெல்லிய முள் உள்ள 6 ஆம்பியர் பிளக் என்றால் அதன் வழியே 230 வோல்ட்டில் 1,380 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. 3,000 வாட் எந்த வழியாக உள்ளே போகும் என்று கடைக்காரரையே கேட்டுப் பாருங்கள்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் முன்பக்க மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று நான்கு ஸ்க்ரூதான். மோட்டாரின் மேல் ஒரு சின்ன லேபிள் இருக்கும்: 180 வோல்ட் டி.சி., 9.5 ஆம்பியர் என்பது போல. இரண்டையும் பெருக்கினால் 1,710 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை நஷ்டம் என்று கழித்து 746-ஆல் வகுத்தால் 1.8 வருகிறது. அது நேர்மையான 2 ஹெச்.பி. மோட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே வோல்ட்டில் 5 ஆம்பியர் என்று இருந்தால் ஒரு ஹெச்.பி.யைக்கூட எட்டாது, ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும். மூடியைத் திறக்க மாட்டேன் என்றால், அந்த லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்கு 2 ஹெச்.பி. தொடர் திறனுக்குக் கீழே போக வேண்டாம்; 2.5 கிடைத்தால் நிம்மதி. ஆள் எடை வரம்பு 120 கிலோவுக்குக் குறையக் கூடாது, 130 என்றால் நல்லது. 100 கிலோ வரம்புள்ள மெஷினில் 97 கிலோ ஆள் தினமும் ஏறினால் அது என்றைக்கும் விளிம்பிலேயே ஓடும். பெல்ட் 45 செ.மீ. அகலம், 125 செ.மீ. நீளம். 40 செ.மீ. பெல்ட்டில் உங்கள் வீட்டுக்காரர் தோள் அகலத்துக்குக் காலை விரித்து இயல்பாக நடக்க முடியாது, ஓரப் பட்டையை மிதித்துவிடுவோமோ என்று காலைக் குறுக்கிக்கொண்டே நடப்பார். இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும். பெல்ட்டுக்கு அடியில் இருக்கும் பலகை 18 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும். மெஷினின் சொந்த எடையையும் கேளுங்கள். 40 கிலோ மெஷின் 97 கிலோ ஆளைத் தாங்குகிறேன் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். 65, 70 கிலோவாவது இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று விற்கும் வாக்கிங் பேட் பக்கம் திரும்பவே வேண்டாம்.

டி.வி. மாதிரி பெரிய திரை, ஸ்பீக்கர், வயிற்றில் கட்டும் மசாஜர் பெல்ட், டம்பெல்ஸ் எல்லாம் இலவசம் என்று வரும். அந்தக் காசு மோட்டாரிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். திரை காட்டும் கலோரிக் கணக்கும் உத்தேசம்தான்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கூடுதலாகக் காசு போடலாம்: பட்டனை அழுத்தினால் தானாக உயரும் ஏற்றம். 5 கி.மீ. வேகத்தில் சமதளமாக நடப்பதைவிட அதே வேகத்தில் 5 சதவீத ஏற்றத்தில் நடந்தால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் சுமார் 60 சதவீதம் கூடும். ஆஸ்பத்திரியில் டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தவர்களுக்குத் தெரியும், வழக்கமான முறையில் முதல் கட்டம் 2.7 கி.மீ. வேகம்தான், ஆனால் ஏற்றம் 10 சதவீதம், மூன்றே நிமிடத்தில் மூச்சு வாங்கும். ஓடி முழங்காலில் பாரம் ஏற்றாமல் இதயத்துக்கு வேலை கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. கையால் பின்னைக் கழற்றி மாட்டும் மூன்று படி ஏற்றமும் உண்டு. நடக்கும்போது மாற்ற முடியாது என்பதால் முதல் வாரத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. பட்ஜெட் இடித்தால் ஏற்றத்தை விட்டுவிடுங்கள், மோட்டாரை விடாதீர்கள். ஏற்றத்தில் நடக்கும்போது முன்கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் ஏறியதன் பலன் பெருமளவு குறைந்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பெங்களூர் மெஷின் பற்றி. அபார்ட்மென்டில் துணி காயப்போட்டே ஐந்து வருடம் கழித்த நல்ல மெஷின்கள் நிஜமாகவே கிடைக்கும். ஆனால் தம்பி நேரில் போய் நாலு விஷயம் பார்க்க வேண்டும். முதலில் அந்த மோட்டார் லேபிள். இரண்டாவது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பலகையைத் தடவச் சொல்லுங்கள். கால் படும் நடுப்பகுதியில் பள்ளமோ சொரசொரப்போ தட்டுப்பட்டால் பலகை போய்விட்டது. சில மாடல்களில் பலகையைத் திருப்பிப் போடலாம், எல்லாவற்றிலும் முடியாது. மூன்றாவது, ஆள் இல்லாமல் 8 கி.மீ. வேகத்தில் விட்டு ரோலர் முனைகளில் காது கொடுக்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. நாலாவது, கனமான ஒருவர் ஏறி 3 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம் நடக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் பெல்ட் தயங்கித் தயங்கி ஓடினாலோ, மூடியிலிருந்து கருகல் வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் மெஷினாக இருந்தால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

எல்லாம் தேறினாலும், குட்டி யானை வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, இங்கே வந்து மாட்டித் தருபவருக்குக் கூலி எல்லாம் 22,000-க்கு மேலே. பெல்ட்டும் பலகையும் மாற்ற வேண்டி வந்தால் இன்னும் 8,000, 10,000 சுலபமாக ஏறிவிடும், வாரண்டியும் இல்லை. அந்தக் காசுக்குப் புதிது வாங்கலாம். 12,000, 13,000 ரூபாய்க்குத் தந்தால் யோசிக்கலாம் என்பேன்.

மாடி ஷீட் அறை வேண்டாம். சித்திரை, வைகாசியில் அந்த அறைக்குள் பகலில் நின்று பார்த்தால் உங்களுக்கே தெரியும். மோட்டாரை இயக்கும் கண்ட்ரோல் போர்டு அந்தச் சூட்டைத் தாங்காது, பெல்ட்டுக்கு அடியில் போட்ட ஆயில் சீக்கிரம் வறண்டுவிடும். ஐப்பசி மழையில் சாரல் அடித்தால் பலகை ஈரம் குடித்து உப்பும்; அது அமுக்கிச் செய்த மரத்தூள் பலகைதான், ஒருமுறை உப்பினால் பழையபடி அமுங்காது. மாடித் தளம் பாரம் தாங்குமா என்ற பயம் தேவையில்லை, கான்கிரீட் தளம் தாராளமாகத் தாங்கும். வெயிலும் தூசியும்தான் அங்கே ஆகாதவை.

கீழே ஹாலிலோ படுக்கையறையிலோ ஜன்னலை ஒட்டி இடம் பாருங்கள். பின்னால் 2 மீட்டர், இரண்டு பக்கமும் அரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். சுவரை ஒட்டிப் பின்பக்கத்தை வைத்தால், தடுமாறி விழுபவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார், தோல் உரிந்துபோகும். உயரத்தையும் அளந்துவிடுங்கள். மெஷினில் ஏறியதும் 15 முதல் 20 செ.மீ. உயரம் கூடும், ஏற்றம் போட்டால் இன்னும் 15. நம் வீடுகளில் பரண் 7 அடியில் இருக்கும். அதற்கு அடியில் வைத்தால் உங்கள் வீட்டுக்காரர் தலை இடிக்கலாம். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம், கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும்போது நினைவிருக்காது. காற்றுக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன் போதும். அடியில் 8, 10 மி.மீ. ரப்பர் பாய் விரித்தால் டைல்ஸும் பிழைக்கும், சத்தமும் குறையும்.

இனி கரண்ட். மெஷின் ஆர்டர் போடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் பெட்டியிலிருந்து நேராக ஒரு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்: 2.5 சதுர மி.மீ. ஒயர், தூரம் அதிகம் என்றால் 4; அதற்குத் தனி எம்.சி.பி. (பாரம் கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்), 16 ஆம்பியர் பவர் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது. முனைகள் சூடேறி உருகும். இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்காகவும் இருக்கக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் தரும் 600, 700 வாட் இதற்குப் போதாது.

எர்த் கட்டாயம். பெல்ட் ஓடி ஓடி நிலைமின்சாரம் சேரும். எர்த் சரியில்லாவிட்டால் கைப்பிடியைத் தொடும்போதெல்லாம் சுரீர் என்று கடிக்கும். கசிவு ஏற்பட்டால் அது உயிருக்கே ஆபத்து. நம் பக்கத்து வறண்ட மண்ணில் கோடைக்காலத்தில் எர்த் குழி காய்ந்துபோவது சகஜம். மூன்று முள் பிளக்கும் ஒயரும் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலக்ட்ரீஷியனை அளந்து சொல்லச் சொல்லுங்கள். கோடையில் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, உங்கள் பிளக்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம், நீங்கள் நடக்கப்போகும் அதே நேரத்தில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைக் குறித்து வையுங்கள். 200-க்கும் 240-க்கும் நடுவே இருந்தால் ஸ்டெபிலைசர் செலவு வேண்டாம், திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் ஒன்று போதும். 190-க்குக் கீழே இறங்கினால், அல்லது 250-ஐத் தாண்டினால் வேண்டும். அதிலும் ஒரு சோதனை உண்டு: அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் வோல்டேஜ் 10-க்கு மேல் சரிந்தால் கோளாறு தெருவில் இல்லை, உங்கள் வீட்டு ஒயரிலோ கனெக்‌ஷனிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஸ்டெபிலைசர் வாங்குவது வீண்.

வாங்குவதானால் ஃபிரிட்ஜுக்கு வைக்கும் சின்னது ஆகாது. ஒன்றரை டன் ஏ.சி.க்கு வைக்கும் 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் 2 ஹெச்.பி. மெஷினுக்குச் சரியாக இருக்கும், 2.5 என்றால் 5 கே.வி.ஏ. போய்விடுங்கள். கரண்ட் போய் வந்ததும் மூன்று நிமிடம் தாமதித்து மின்சாரம் விடும் வசதி அதில் இருக்கும். அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கரண்ட் வரும் அந்த முதல் துள்ளலில்தான் போர்டுகள் அதிகம் போகின்றன. நடந்து முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பல்லி கதகதப்புக்காக மோட்டார் மூடிக்குள் போய் போர்டில் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆவதும் இங்கே சாதாரணம்.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். நடக்கும்போது சராசரியாக 600 வாட் என்று வைத்தால், இருவரும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் நடந்தாலும் நாளுக்கு ஒரு யூனிட் அளவுதான். இரண்டு மாத பில்லில் 50, 60 யூனிட் கூடும்.

இந்த மெஷின்கள் பெரும்பாலும் ஏன் கெடுகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஆயில் வறளும். உரசல் கூடும். அதை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் கேட்கும். அந்தக் கரண்டைக் கொடுத்துக் கொடுத்து போர்டில் இருக்கும் பவர் டிரான்சிஸ்டர் வெந்துபோகும். மெஷின் நின்றுவிடும், திரையில் ஏதோ ஒரு எரர் நம்பர் வரும். மெக்கானிக் போர்டு போச்சு என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கி மாற்றுவார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். மூன்று மாதத்தில் புதுப் போர்டும் அதே வழியில் போகும். போர்டு எரிந்தால் முதல் கேள்வி, கடைசியாக எப்போது ஆயில் போட்டீர்கள் என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆயில் என்றால் கலப்படமில்லாத சிலிகோன் ஆயில் மட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் ஊற்றாதீர்கள். பெல்ட்டின் அடிப்பாகம் ஊறி இளகும், தூசியோடு சேர்ந்து பசையாகும். நீங்கள் இருவரும் தினமும் நடந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், மெஷினோடு வரும் புத்தகத்தில் அதைவிட அடிக்கடி என்றிருந்தால் அதன்படி செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி நடுப்பலகையை விரலால் தொட்டால் வழவழப்பு விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் இடது பக்கம் 10 மி.லி., வலது பக்கம் 10 மி.லி., பலகையின் நடுவை நோக்கி, கால் படும் இடத்தில் கோடு போடுவதுபோல் விடுங்கள். பிறகு ஆள் ஏறாமல் 4 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். நல்லதுதானே என்று பாட்டிலைக் கவிழ்த்தால் பெல்ட் வழுக்கும், வெளியே வழியும் ஆயிலில் தெருப் புழுதி எல்லாம் வந்து ஒட்டும்.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவது கோளாறு இல்லை, புது மெஷினிலும் வரும். பின்பக்க ரோலரின் இரு முனையிலும் போல்ட் இருக்கும், அலன் கீ கூடவே தருவார்கள். பெல்ட் வலது பக்கம் போனால் வலது போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று. இடது பக்கம் போனால் இடது போல்ட்டைக் கால் சுற்று. மெஷின் 4 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொண்டுதான் குனிய வேண்டும். அவசரப்பட்டு அரைச் சுற்று, ஒரு சுற்று என்று போனால் பெல்ட் மறுபக்கம் ஓடி ஓரம் கிழியும். நடக்கும்போது பெல்ட் நழுவுவதுபோல் இருந்தால் இரண்டு போல்ட்டையும் சமமாகக் கால் சுற்று இறுக்கலாம். நடுவில் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கினால் இரண்டு, மூன்று அங்குலம் எழும்ப வேண்டும். எழும்பாத அளவுக்கு இறுக்கினால் பேரிங்கும் மோட்டாரும் சேர்ந்து பாதிக்கப்படும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் மூடியைத் திறந்து, பிளக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து, காய்ந்த பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். ஈரத் துணி கூடாது.

இருவரும் அடுத்தடுத்து ஏறாதீர்கள். வீட்டு மெஷின்களைத் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இருப்பதே நல்லது. அவர் காலையில், நீங்கள் சாயங்காலம் என்று பிரித்துக்கொண்டால் மோட்டார் ஆறும். அவர் எந்தக் காரணத்துக்கும் வெறுங்காலோடு ஏறக் கூடாது. பல வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், கொப்புளம் வந்ததே தெரியாது. மெத்தென்ற ஷூ, காட்டன் சாக்ஸ், நடந்து முடித்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது. மாத்திரையின் பெயரைச் சொல்லி, நடப்பதால் சர்க்கரை தாழுமா என்று அவர் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நெஞ்சு அழுத்தம், படி ஏறி இறங்கினால் மூச்சிரைப்பு இருந்தால் ஈ.சி.ஜி. பார்த்த பிறகே தொடங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் 3 கி.மீ. வேகத்தில் நடப்பது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகவே குறைக்கும். அவருக்கு ஒரே மூச்சில் 45 நிமிடம் என்பதைவிட அதுதான் பிடிபடும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் சேர்ந்தால் போதும்.

ஏறும்போது ஓரப் பட்டையில் கால் வைத்து நின்று, பெல்ட் நகர ஆரம்பித்த பிறகு அதில் கால் வையுங்கள். சிவப்புக் கயிற்றில் தொங்கும் சேஃப்டி கீயைச் சட்டையில் மாட்டாமல் நடக்கக் கூடாது. வீட்டுக்குப் பேரன் பேத்தி, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்தால் அந்தக் கீ பீரோவில் இருக்கட்டும். பின் ரோலருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சின்ன விரல் சிக்கினால் எலும்பு வரை போகும்.

வாங்கும் இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பின்கோடுக்கு ஆள் வீட்டுக்கு வந்து சர்வீஸ் செய்வாரா, எங்கிருந்து வருவார்? ஓசூரிலோ சேலத்திலோ ஆள் இருந்தால் சரி. மெஷினைக் கொண்டுவந்து கொடுங்கள் என்றால், 70 கிலோவை யார் தூக்கிக்கொண்டு போவது? வாரண்டியில் மோட்டாருக்கு எத்தனை வருடம் என்பதைவிட கண்ட்ரோல் போர்டுக்கு எத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள்; மோட்டாருக்கு வாரி வழங்கிவிட்டு போர்டுக்கு ஒரே வருடம் தருவது வழக்கம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியை வாசலோடு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், உங்கள் அறைக் கதவின் அகலத்தை இப்போதே அளந்துகொள்ளுங்கள். 75 செ.மீ. கதவில் பல மெஷின்கள் நுழையாது. பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள், அட்டைப்பெட்டியைத் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை எடைக்குப் போடாதீர்கள். அந்தக் கெடுவுக்குள்ளேயே உங்கள் வீட்டுக்காரரை 3 கி.மீ. வேகத்தில் 30 நிமிடம் நடக்கச் சொல்லிவிட்டு மூடியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடோ கருகல் வாடையோ இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.